நாலையும் மாற்று

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள சிவா,

உன் வான் வண்டியின் படம் கிடைத்தது. கதவுக்கடியில் இருக்கிற துருவைப் பார்த்தால் கனடாப் பனிக்கு ஸ்காபரோ வீதிகளில் கொட்டுகிற உப்பு நன்றாகவே தின்றிருக்கிறது. இங்கே மழை. நேற்று காலி வீதியில் தண்ணீர் நின்று, பம்பலப்பிட்டியிலிருந்து வீட்டுக்கு வர ஒரு மணித்தியாலம். என் கிழட்டு டொல்பின் வான் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தது.

சரி, டயர் விஷயம். முன்னுக்கு இரண்டு மட்டும் பனிக்கால வின்டர் டயர் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறாய். நான் அங்கே இருந்தபோது என் வானின் பின் பம்பர் நெளிந்தது ஞாபகமா? கடை வாசலில் யாரோ இடித்துவிட்டான் என்று உனக்குச் சொன்னேன். பொய். நானும் காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு மட்டும்தான் மாற்றியிருந்தேன். வளைவில் பிரேக்கைத் தொட்டதும் பாரம் முன்னுக்குச் சாய்ந்தது. முன் சில்லுகள் பிடித்தன. பின்பக்கம் தன்பாட்டில் சுற்றிப் போய்க் கம்பத்தில் இடித்தது. வெட்கத்தில் சொல்லவில்லை.

அதனால் நாலையும் மாற்று, நாலும் ஒரே வகையாக. ஒன்டாரியோவில் சட்டம் கட்டாயப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் வெப்பநிலை ஏழு பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயர் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். வெட்டுக் கோடுகள் தேயாமல் நல்ல பூ இருந்தும் வீதியைப் பிடிக்காது. சேறு, பனி என்பதைக் குறிக்கும் எம், எஸ் என்ற எழுத்துகளை மட்டும் பார்த்து ஏமாறாதே. மலைக்குள் பனிச்செதில் வரைந்த அடையாளம் இருக்க வேண்டும். ஆணி பதித்த டயர் பற்றி யோசிக்காதே, உன் பக்கம் அதற்கு அனுமதி இல்லை.

பழைய டயர் மலிவாகக் கிடைத்தால் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் படி. 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அவ்வளவு கிழடு வேண்டாம். நீ சாமான் ஏற்றுகிறவன், ஆகவே சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும் பாரக் குறியீட்டுக்குக் குறையாமல் எடு. குளிர் இறுகினால் காற்றும் இறங்கும். ஐந்தாறு பாகைக்கு ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. காலையில் ஓடுவதற்கு முன்பே அளந்து பார்.

இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேள். வின்டர் டயருக்கு அவர்கள் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்க வேண்டும். 2016 முதல் அங்கே அப்படித்தான்.

கராஜில் என்ன விலை சொன்னார்கள் என்று எழுது. பம்பர் கதை உன் வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம். அடுத்த முறை வந்தால் வான் சாவி தரமாட்டா.

அன்புடன்,
குமார்