மூன்றாவது டிஸ்க் விஷயமாக

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள் என்று ஒரு வரி. வீட்டு சர்வரில் உள்ள நான்கு ஹார்ட் டிஸ்க்கில் மூன்றாவது அடிக்கடி காணாமல் போகிறது என்று இரண்டு பக்கம். உன்னைத் தெரிந்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேட இனி யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். புது டிஸ்க்குக்கு அவசரப்பட்டு ஆர்டர் போட்டுவிடாதே. நீ அனுப்பிய ஸ்மார்ட் அறிக்கையை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துச் சொல்வது) நிதானமாகப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'பாஸ்டு' என்று இருக்கிறதே, அந்த வரியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. சாகக் கிடக்கிற டிஸ்க்கும் அதில் பாஸாகிவிடும். கீழே இருக்கும் பட்டியலில் நான் முதலில் தேடுவது 5, 197, 198, 199 ஆகிய நான்கு எண்களைத்தான். அதிலும் கடைசிப் பத்தியில் உள்ள 'ரா' மதிப்பை மட்டும் பார். 5 என்பது கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்களின் (டேட்டா பதியும் சின்னத் துண்டுகள்) எண்ணிக்கை. 197 என்பது படிக்க வராமல், என்ன செய்வதென்று முடிவாகாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. 198 என்பது டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோதும் மீட்க முடியாதவை. உன் மூன்றாவது டிஸ்க்கில் இந்த மூன்றும் சுழி. 199 மட்டும் முந்நூற்றுச் சொச்சம்.

இந்த 199, டிஸ்க்குக்குள் டேட்டா பதியும் தட்டுகளைப் பற்றியதே இல்லை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும்போது டேட்டா சிதைந்து, சிஆர்சி என்ற பிழை சரிபார்ப்பில் பிடிபட்டு, மறுபடி அனுப்பப்பட்ட தடவைகள் அவை. ஆகவே நான் முதலில் சந்தேகப்படுவது இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை, அடுத்து போர்ட்டை, அதற்கடுத்து பவரை. இந்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. கேபிளை மாற்றிவிட்டு அது பூஜ்யத்துக்கு வரும் என்று காத்திருக்காதே. இன்றைய எண்ணைக் குறித்து வை. மாற்றிய பிறகு ஏறுகிறதா, அங்கேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் கேபிளில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குடும்பப் படங்கள், உன் அப்பாவின் பழைய ஒலிப்பதிவுகள், கணக்குக் கோப்புகள், இவற்றை இன்றைக்கே வெளியில் ஒரு டிஸ்க்கில் காப்பி எடு. அரே, அதாவது நான்கு டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்பு, 'டிகிரேடட்' (ஒரு டிஸ்க் குறைகிறது) என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் கோப்புகள் திறக்கின்றன அல்லவா, அது போதும். "ரெய்டுதான் இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறாய். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு, ஒரு டிஸ்க் செத்தால் சர்வர் நிற்காமல் ஓடுவதற்குத்தான். தவறுதலாக அழித்த ஃபோல்டரை நான்கு டிஸ்க்கிலும் ஒரே நொடியில், ஒழுங்காக அழித்துத் தருவதும் அதே ரெய்டுதான்.

காப்பி முடிந்ததா? இப்போது மெஷினை முழுக்க அணைத்துவிட்டு, ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகளைச் சீட்டில் எழுதி வெளியே தெரிகிற பக்கம் ஒட்டு. எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கும் பெயர்களை நம்பாதே, அடுத்த பூட்டில் அவை இடம் மாறலாம். ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டுமே தாங்கும் ரெய்டு 5-இல் ஏற்கெனவே ஒன்று விழுந்திருக்கும்போது, ஓடுகிற மெஷினில் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் அரே அப்படியே படுத்துவிடும். வீடுகளில் ரெய்டு சாவதற்கு டிஸ்க்கைவிட மனிதக் கைதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சீட்டு ஒட்டிய பிறகு மூன்றாவது டிஸ்க்கின் கேபிளையும் இரண்டாவதின் கேபிளையும் ஒன்றுக்கொன்று மாற்று. போர்ட்டைத் தொடாதே, பவர் கனெக்டரையும் தொடாதே, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டாவது டிஸ்க்கில் 199 ஏறினால் கேபிளைக் குப்பையில் போடு. மூன்றாவதிலேயே ஏறினால் அடுத்து போர்ட்டை மாற்றிப் பார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் பிரச்சினை தீரலாம், ஆனால் எது குற்றவாளி என்று தெரியாது. பழுதான கேபிள் உன் இழுப்பறைக்குப் போய் இன்னொரு நாள் திரும்பி வரும்.

உன் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "பெரும்பாலும் சாயங்காலம் படம் பார்க்க உட்காரும்போதுதான் விழுகிறது." எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பகலெல்லாம் யாரும் தொடாததால் டிஸ்க்குகள் நான்கும் சுழலாமல் தூங்கும். நீ படத்தைத் தட்டியதும் நான்கும் ஒன்றாக எழுகின்றன. 3.5 அங்குல டிஸ்க் ஓடும்போது சில வாட்தான் தின்னும். ஆனால் சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்குக்கும் சேர்த்தால் கிட்டத்தட்ட 100 வாட். பவர் சப்ளை சின்னதாகவோ பழையதாகவோ இருந்தால் வோல்டேஜ் அந்த நேரத்தில் தாழும். பவர் வயரைப் பலதாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் கோடியில் மாட்டியிருப்பவன் முதலில் மயங்கி விழுவான். தூங்க வைக்கும் அமைப்பை ஒரு வாரம் அணைத்துவைத்துப் பார். விழுவது நின்றால் கேபிளோடு பவரையும் கவனிக்க வேண்டும். ஸ்ப்ளிட்டர் போட்டிருக்கிறாயா என்று நீ சொல்லவில்லை. பழைய மோலெக்ஸ் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றுகிற, பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையாக இருந்தால் உடனே கழற்று. அதில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக் கருகுவது உண்டு.

உன் நான்கில் இரண்டு டெஸ்க்டாப் டிஸ்க் என்றும் எழுதியிருந்தாய். அதற்கென்று தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. ஒரு செக்டார் படிக்க வராவிட்டால் என்ஏஎஸ்ஸுக்கென்று (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) செய்த டிஸ்க் வழக்கமாக 7 நொடி முயன்றுவிட்டு "முடியவில்லை" என்று சொல்லிவிடும். ரெய்டு மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு எழுதிக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு அந்த அடக்கம் கிடையாது. நிமிடக் கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் பொறுப்பது வழக்கமாக 30 நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கோடு உள்ள இணைப்பை ரீசெட் செய்யும், கடைசியில் அரே அந்த டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும். ஒரே ஒரு கெட்ட செக்டாருக்காக முழு டிஸ்க்கும் போச்சு. ஸ்மார்ட் கருவியிலேயே, படிக்க முயலும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் 'எஸ்சிடி இஆர்சி' என்ற அமைப்பில் 70 என்று கொடுத்தால் 7 நொடி. அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. பல டிஸ்க்குகள் மின்சாரம் போனதும் இதை மறந்துவிடும், ஆகவே பூட் ஸ்க்ரிப்டில் சேர்த்துவிடு. டிஸ்க் அந்த அமைப்பையே ஏற்காவிட்டால், கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பக்கம் காத்திருப்பை 180 நொடியாக ஏற்று.

இவ்வளவுக்கும் பிறகு 5-ம் 197-ம் ஏற ஆரம்பித்தால் அப்போது தாராளமாக டிஸ்க்கை மாற்று, தயங்காதே. கூகுள்காரர்கள் தங்கள் டேட்டா சென்டர்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தட்டின் பரப்பை வருடிப் பார்க்கும்போது முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாததைவிட அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், அவர்கள் வலுவான அறிகுறி என்று கருதிய நான்கு எண்களிலும் எதையும் காட்டாமலே செத்தவை. ஸ்மார்ட் கெட்டது என்றால் நம்பு, நல்லது என்றால் முழுதாக நம்பாதே.

மாற்றுவதானால் வாங்குமுன் அது சிஎம்ஆரா (தடங்கள் தனித்தனியாக இருப்பது) எஸ்எம்ஆரா என்று தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பார். எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஓடு மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் கழற்றி மாட்ட வேண்டும். பேக்கப்புக்கு அது போதும். ரெய்டுக்குள் போட்டால் ரீபில்டு, அதாவது புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி நிரப்புவது, நாள்கணக்கில் இழுக்கும். நல்ல டிஸ்க்கிலேயே 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுத 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் மீதி மூன்று டிஸ்க்கும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்பட்டாக வேண்டும். 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு பிழை வரலாம் என்று போட்டிருப்பதை வைத்து, 12.5 டெராபைட் படித்தாலே ரீபில்டு தோற்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன, அந்தக் கணக்கைப் பார்த்து நான் தூக்கம் கெடுவதில்லை. முதலில் காப்பி எடு என்று மேலே சொன்னது மட்டும் மாறாது.

இடம் குறைகிறது என்று கேட்டதற்குச் சுருக்கமாக: 4 டெராபைட் 3.6 என்று காட்டுவது திருட்டல்ல. பெட்டியில் பத்தின் அடுக்கில் எண்ணுகிறார்கள், சிஸ்டம் இரண்டின் அடுக்கில் எண்ணுகிறது. அழித்தும் இடம் திரும்பாததற்குக் காரணம் பெரும்பாலும் ஷேருக்குள் மறைந்திருக்கும் ரீசைக்கிள் ஃபோல்டர், இல்லையென்றால் பழைய ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைத்தது).

நான் ரெய்டு 5-ஐ விட்டு நாளாகிறது. இரண்டு டிஸ்க், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் மிரர் (இரண்டிலும் ஒரே பிரதி), மாதம் ஒரு ஸ்க்ரப் (எல்லாவற்றையும் படித்துச் சரிபார்ப்பது), அவ்வளவுதான். இடம் பாதி போகிறது என்று நீ முகம் சுளிப்பாய், தெரியும். ஆனால் இரண்டு பிரதிகளும் வேறுபட்டால் எது சரி என்று செக்சம் (சரிபார்ப்பு எண்) பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது, சாதாரண மிரருக்கு அது தெரியாது. உனக்கு இதைத் திணிக்க மாட்டேன். இப்போது இருப்பதை முதலில் நிற்க வைப்போம்.

கேபிள் மாற்றி ஒரு வாரம் ஓடவிட்டு, நான்கு டிஸ்க்கின் 199 எண்ணையும், டிஸ்க் விழுந்தால் அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிட கெர்னல் லாகையும் அனுப்பு. முழு லாகையும் அனுப்பாதே, போன தடவை அதைத் திறக்கவே முடியவில்லை. பவர் சப்ளை எத்தனை வாட் என்பது அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும், அதையும் படம் எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி