இலவச அழைப்புச் செயலிகள்: அட்டவணையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக்கு இலவசமாகப் பேசவும் செய்தி அனுப்பவும் உதவும் செயலிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரையும் அட்டவணையும் போட்டிருந்தீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் சேர்ந்து பேசலாம், எவ்வளவு பெரிய கோப்பு அனுப்பலாம், ஸ்டிக்கர் உண்டா என்றெல்லாம் கட்டம் போட்டுக் காட்டியது நன்றாகவே இருந்தது. ஆனால் படித்து முடித்த பிறகும் மனசு சமாதானமாகவில்லை. எங்கள் குடும்பத்தில் யார் கடல் தாண்டிப் போனாலும், அவர்கள் போனிலும் வீட்டில் இருப்பவர்கள் போனிலும் இந்தச் செயலிகளைப் போட்டுக் கொடுத்துப் பழக்கிவிடுவது பதினைந்து வருஷமாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எது நல்ல செயலி என்பதை அட்டவணை பார்த்து முடிவு செய்ய முடிவதே இல்லை. இரண்டு முனைகளில் யாருக்குக் கைப்பழக்கம் குறைவோ, யார் இருக்கிற நாட்டில் கட்டுப்பாடு அதிகமோ, அவரை வைத்துத்தான் முடிவு செய்ய முடிகிறது.

எங்கள் அம்மாவுக்கு 81 வயது. அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள். ரொம்ப வருஷம் ஸ்கைப்தான் இருவருக்கும் பாலம். 2003-ல் வந்த ஸ்கைப்பை 2011-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2025 மே 5-ம் தேதியோடு நிறுத்தியும்விட்டது. அவர்களுடைய இன்னொரு செயலியான டீம்ஸுக்கு மாறிக்கொள்ளச் சொன்னார்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அது சரி, அம்மாவுக்கு எப்படிச் சரிவரும்? அக்கா சிக்னல் போடலாம் என்றாள், அவள் மகன் டெலிகிராம்தான் வேகம் என்றான். இரண்டுமே நல்ல செயலிகள்தான். கடைசியில் வாட்ஸ்அப் என்று முடிவு செய்தோம். காரணம் ஒன்றே ஒன்று: அம்மா ஏற்கெனவே தினமும் அதில்தான் உறவினர்களோடு பேசுகிறாள், குரல் செய்தி அனுப்புகிறாள். தினமும் விரல் படுகிற செயலி அவசரத்துக்கு உதவும். வாரம் ஒரு தடவை மட்டும் திறக்கிற செயலி அந்த ஒரு தடவையும் அப்டேட் கேட்டுக்கொண்டு நிற்கும்.

பழகின செயலியிலேயே எத்தனை தடுமாற்றம் தெரியுமா! போன் பூட்டியிருக்கும்போது அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும். போன் திறந்திருக்கும்போது அதே அழைப்பு திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டையாக வரும், அங்கே தட்ட வேண்டும், தள்ளினால் பட்டை மறைந்துவிடும். இந்த வித்தியாசம் அம்மாவுக்குப் பிடிபட இரண்டு வாரம் ஆனது. தினமும் பக்கத்து அறையிலிருந்து நானே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கினேன். வீடியோ காலிலும் பழைய ஞாபகத்தில் போனைக் காதில்தான் வைத்துக்கொள்வாள். அக்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு காது மட்டும் திரை முழுக்கத் தெரியும். ஒருநாள் அந்தக் காதைப் பார்த்துத்தான் அக்கா கேட்டாள், "அம்மா காதுல மெஷினையே காணோமே, எத்தனை நாளா போடல?" ஒன்பது நாளாகப் போடவில்லை. கூடவே இருக்கிற நான் அதைக் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து, வயதானவர்களோடு பேசுவதற்குக் குரல் அழைப்பே போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

அப்புறம் இன்னொன்று. செயலி சரியாக இருக்கும், இணையமும் இருக்கும், ஆனால் போன் அடிக்காது. அம்மா போனை எதிரில் வைத்துக்கொண்டு அக்காவின் அழைப்புக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லை. சரி, அக்கா மறந்துவிட்டாள் போல என்று செயலியைத் திறந்து பார்த்தால் வரிசையாக மூன்று மிஸ்டு கால். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே பின்னணியில் அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இந்தத் தொல்லை உண்டு. செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் தேடி, பேட்டரி என்ற பகுதியில் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும், அறிவிப்புகளுக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலைதான், ஆனால் இது தெரியாமல் எத்தனை வீடுகளில் "அவங்க கூப்பிடவே இல்ல", "நீங்கதான் எடுக்கல" என்று மனஸ்தாபம் நடக்கிறதோ.

நாடு விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் அட்டவணையில் இது சுத்தமாக இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், ஆனால் பேச முடியாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற சில செயலிகளில்தான் பேச வேண்டும். சீனாவில் வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் எதுவுமே சாதாரணமாக வேலை செய்யாது, வீசாட்தான் வழி. ரஷ்யாவில் 2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டின் அழைப்புகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆக, விமானம் ஏறுவதற்கு முன்பே, போகிற நாட்டில் எது ஓடும் என்று விசாரித்து, அதை இரண்டு பக்கமும் போட்டு, ஒரு தடவை பேசியும் பார்த்துவிட வேண்டும். அங்கே இறங்கிய பிறகு வீட்டில் இருக்கிற பெரியவருக்குப் போனிலேயே புதுச் செயலி போடச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பாடு என்பதை அனுபவித்தவள் நான். விபிஎன் (எந்த நாட்டிலிருந்து இணையத்துக்கு வருகிறோம் என்பதை மறைக்கும் வசதி) போட்டால் பேசலாமே என்று நண்பர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். சில நாடுகளில் அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும், பிழைக்கப் போன இடத்தில் அந்த வம்பு வேண்டாம்.

எண்ணைப் பற்றியும் ஒரு வரி போட்டிருக்கலாம். இந்தச் செயலிகள் பெரும்பாலும் போன் எண்ணை வைத்துத்தான் நம்மை அடையாளம் காண்கின்றன. வெளிநாடு போனவர் பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார், கொஞ்ச காலத்தில் அந்த எண் வேறு யாருக்கோ போய்விடுகிறது. எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு இப்படி ஆகி, அவன் பெயரைப் பார்த்து அவனுடைய பெரியம்மா அனுப்பிய குடும்பப் படங்கள் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மனிதர் நல்லவர், அவரே கூப்பிட்டுச் சொன்னார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். புது எண் வாங்கியதும் வாட்ஸ்அப் அமைப்புகளில் 'எண்ணை மாற்று' என்பதைச் செய்துவிட்டால் கணக்கும் குழுக்களும் புது எண்ணுக்கு வந்துவிடும். ஆனால் பழைய எண்ணில் வாட்ஸ்அப் போனில் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். இன்னொரு விஷயம், செயலி அனுப்புகிற 6 இலக்க எண்ணை யார் கேட்டாலும், சொந்தத் தம்பி பெயரில் செய்தி வந்தாலும், சொல்லக் கூடாது. அந்தத் தம்பியின் கணக்கையே யாராவது பிடித்து வைத்திருக்கலாம். இரட்டைச் சரிபார்ப்புக்கான, அதாவது கணக்கைத் திறக்கக் கூடுதலாகக் கேட்கிற, பின் (PIN) எண்ணையும் பெரியவர்கள் போனில் நாமே உட்கார்ந்து போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

ரகசியப் பாதுகாப்பைப் பற்றி உங்கள் கட்டுரை எல்லாச் செயலிக்கும் ஒரே மாதிரி 'உண்டு' என்று டிக் போட்டிருந்தது. அது சரியில்லை. வாட்ஸ்அப்பில் 2016 முதல் செய்தியும் அழைப்பும் இருமுனைக் குறியாக்கத்தில் போகின்றன, நடுவில் நிறுவனமே படிக்க முடியாது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது சிக்னல் உருவாக்கிய முறையைத்தான். ஆனால் யார் யாரோடு எப்போது தொடர்புகொள்கிறார் போன்ற விவரங்கள் வேறு, அவற்றை ஆகக் குறைவாக வைத்துக்கொள்வது சிக்னல், அதை நடத்துவதும் லாப நோக்கமில்லாத அமைப்பு. டெலிகிராமில் அழைப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, சாதாரண செய்திகளுக்குக் கிடையாது, 'ரகசிய அரட்டை' என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமலேயே பாஸ்போர்ட் நகலையும் வங்கி விவரத்தையும் அதில் போட்டு வைப்பவர்கள் நிறைய. என் வழக்கத்தைச் சொல்கிறேன்: தினசரிப் பேச்சுக்கு அம்மாவுக்குத் தெரிந்த செயலி, இந்த மாதிரி ஆவணங்களுக்கு எனக்கும் அக்காவுக்கும் இடையில் சிக்னல்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஃபேஸ்டைம் சௌகரியம். 2021-லிருந்து இணைப்பு அனுப்பி ஆண்ட்ராய்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர் அங்கிருந்து கூப்பிட முடியாது, கூப்பிட்டால் போவதுதான். ஜூமில் இலவசமாகப் பேச 40 நிமிஷம்தான், குடும்பப் பேச்சு அதற்குள் முடியாது.

'இலவசம்' என்ற சொல்லையும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம். பேசுவதற்குக் காசில்லை, டேட்டா நம்முடையது. குரல் அழைப்பு கொஞ்சம்தான் இழுக்கும், வீடியோ அதைப் போலப் பல மடங்கு. வாட்ஸ்அப்பில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்று ஒரு அமைப்பு இருக்கிறது, இணையம் திணறும்போது அதைப் போட்டால் குரலாவது அறுபடாமல் வரும். எதிர்முனையில் இணையமே இல்லை, லேண்ட்லைன்தான் என்றால் செயலியிலிருந்து சாதாரண போன் எண்ணுக்கே கூப்பிட உதவும் வைபர் அவுட் மாதிரி ஒன்று தேவை, அது இலவசம் இல்லை. அவசர உதவி எண்களுக்கு இந்தச் செயலிகளை நம்பவே கூடாது, அதற்குச் சாதாரண போன் அழைப்புதான்.

எந்தச் செயலியும் நிரந்தரம் இல்லை என்பதை ஸ்கைப் மட்டுமா காட்டியது? கூகுள் டுவோ 2022-ல் கூகுள் மீட் செயலியோடு கலந்துவிட்டது, கூகுளின் ஹேங்கவுட்ஸையும் அதே வருஷம் மூடினார்கள். அதனால் எங்கள் வீட்டில் இரண்டாவதாக ஒரு செயலியும் எப்போதும் போனில் இருக்கும், மாதம் ஒரு தடவை அதில் பேசிப் பார்ப்போம். அக்காவின் எண்ணை, நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து, பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். போன் தொலைந்தாலும் அது இருக்கும்.

அடுத்த முறை இந்த அட்டவணையைப் போடும்போது ஸ்டிக்கருக்கு ஒதுக்கிய கட்டத்தை எடுத்துவிட்டு, எந்தெந்த நாட்டில் பேச முடியாது என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக அச்சிடுங்கள், அம்மாவும் படிப்பாள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி