21 நாள் ஊசி ஊரிலேயே கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்பைப் பற்றியும் சர்க்கரை நோயைப் பற்றியும் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. கிராமங்களில் இளம் வயதினரின் இதய வால்வைப் பழுதாக்கும் வாதக் காய்ச்சல் இதய நோயைப் பற்றி ஏனோ அதிகம் வருவதில்லை. தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், நான் பார்த்த நோயாளிகளைப் பற்றி எழுதுகிறேன்.

அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐந்தாறு பேர் ஒரே அறையில் படுத்துறங்கும் கூலிவேலைக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். 5 முதல் 15 வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வந்து, அதற்கு முறையாக மருந்து எடுக்காமல் விட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால் என்று வலி மூட்டுக்கு மூட்டு தாவியிருக்கும். அது தானாகவே விலகிவிடுவதால், வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டார் மறந்துவிடுவார்கள். அந்தக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியிருப்பது பல ஆண்டுகள் கழித்து, பலருக்கு முதல் பிரசவத்தின்போதுதான் தெரியவரும்.

கர்ப்ப காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடுவதால், சுருங்கிய மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க வால்வு) வழியே அவ்வளவும் போக முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. ஏழாம் மாதத்தில் ஒரு பெண், படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறேன் என்று என்னிடம் சொன்னாள். இரத்தசோகைதான் என்று எண்ணி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த பரிசோதனையில் மருத்துவர் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்றாலும், அந்த மாத்திரை அட்டையை நீட்டிய கை என்னுடையது என்பதை நான் மறக்கவில்லை.

இந்நோய் முற்றாமல் தடுப்பது மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் 12 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின் என்ற, கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து. எங்கள் பக்கம் '21 நாள் ஊசி' என்பார்கள். கரைத்தால் மோர் போலக் கெட்டியாக இருக்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். போட்டபின் இரண்டு நாள் நொண்டி நடக்க வேண்டும். வால்வு பழுதானவர்கள் இதைக் குறைந்தது 10 ஆண்டுகளோ 40 வயது வரையோ, எது பிந்தியதோ அதுவரை, போட்டுக்கொள்ள வேண்டும். கடும் ஒவ்வாமை அரிதாகவே வரும் என்றாலும், அதற்கு அஞ்சிப் பல இடங்களில் ஊசி போட மறுத்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போனால், இரண்டு தவணைக்குப் பிறகு யார் வருவார்கள்? குடும்பம் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விட்டால் அதோடு ஊசியும் நின்றுவிடும். மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று ஊசி அட்டையை என்னிடமே விட்டுச் சென்ற புதுப்பெண்களும் உண்டு.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், பிள்ளைகளிடம் பரிசோதித்துக் கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் இந்நோயும் இருக்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இவற்றோடு, ஒவ்வாமைக்கான அவசர மருந்தை வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த ஊசியைப் போடவும், தவணை தவறியவரை வீடு தேடிச் சென்று அழைக்கவும், பெண் மணமாகி வேறு ஊருக்குப் போனால் அவளது பதிவு அவ்வூர்ச் செவிலியருக்குப் போய்ச் சேரவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தருமபுரி மாவட்டம்.