பின்னட்டையில் பென்சிலால் எழுதிய பெயர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் என்னிடமிருந்த புத்தகங்களில் பெரும்பகுதியை எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்குக் கொடுத்தேன். நூலகர் நன்கொடைப் பதிவேட்டில் என் பெயரை எழுதி, வந்திருந்தவர்கள் முன்னால் ஒரு பொன்னாடை போர்த்தி நன்றி சொன்னார். அவர் அன்பாகத்தான் செய்தார், ஆனால் அந்த நன்றியை நான் ஒருத்தியாக வைத்துக்கொள்ள மனசு ஒப்பவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ரவிக்கை, பாவாடை தைத்துப் பிழைக்கிறவள் நான். இத்தனை புத்தகம் எனக்கு எப்படி வந்தது? கடையில் காசு கொடுத்து வாங்கியவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் யாரோ ஒருவர் நினைவு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புத்தகம் கைக்கு வந்ததும் முதல் வேலை, மாதக் காலண்டர் தாளைத் திருப்பி அட்டை போடுவது. அடுத்த வேலை, பின்னட்டையின் உள்பக்கத்தில் அது யார் மூலமாக, எங்கிருந்து வந்தது என்று பென்சிலில் எழுதி வைப்பது. துணி வாங்கும்போது அளவுச் சீட்டில் பெயர் எழுதிக் குத்தி வைப்போமே, அந்தக் கைப்பழக்கம்தான் இங்கேயும் வந்திருக்க வேண்டும். நூலகத்துக்குக் கட்டி அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து அந்தப் பெயர்களைப் படித்தேன். இந்த மடல் அவர்களுக்கு. பெயர் போட்டால் பலருக்குப் பிடிக்காது என்பதால் உறவும் ஊரும் மட்டும் சொல்கிறேன், உங்களுக்கே தெரியும்.

முதலில் மேலத்தெரு அத்தை. வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டிங் செய்து வைக்கும் வழக்கம் அப்போது பல வீடுகளில் இருந்தது, ஆனால் அத்தை அளவுக்குப் பொறுமையாகச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் இதழ் வராமல் போனால் மன்னார்குடியில் யார் வீட்டில் அந்த இதழ் இருக்கிறது என்று விசாரித்து, அந்தக் கதைப் பகுதியைக் கையால் எழுதிச் சேர்ப்பார். அவரிடமிருந்து வந்த சோழர் காலக் கதை ஒன்றில் நடுவே சில பக்கங்கள் அத்தையின் கையெழுத்திலேயே இருக்கின்றன. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சு என்பதால் தும்பிக்கை போட்ட லை, னை எல்லாம் எனக்குப் புரியாமல் திணறியபோது, பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்த பைண்டு வால்யூம்களில் எனக்குக் கதையைப் போலவே பிடித்தது பக்கத்தின் பின்புறம். அங்கே பாதிச் சிறுகதை இருக்கும், வத்தக்குழம்புக் குறிப்பின் கடைசி நாலு வரி இருக்கும், தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். இன்றைக்கும் ஒரு நாவலை எடுத்தால் எனக்கு அதில் சமையல், துணி, கூலி, விலைவாசி எல்லாம் இருக்க வேண்டும். அந்த ருசி அத்தை வீட்டுத் திண்ணையில் வந்தது.

அப்புறம் அந்த இதழ்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததே கண்டக்டர் அண்ணனால்தான். டவுனில் கடைக்காரர் கயிறு கட்டிக் கொடுக்கும் கட்டை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்து, ஆற்றுப்பாலம் நிறுத்தத்தில் நின்று கொடுத்துவிட்டுப் போவார். மழையில் தன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த நாட்கள் உண்டு அண்ணே, மறக்கவில்லை.

கீழத்தஞ்சைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தோழர்களின் புத்தகப் பை தெரிந்திருக்கும். சங்கக் கூட்டம் நடக்கிற இடத்தில் ஒரு ஓரமாகத் தார்ப்பாய் விரித்து, மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த ரஷ்யப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பார் எங்கள் தோழர். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், விலையோ ஒரு ரவிக்கைத் தையல் கூலிக்குள் அடங்கும். சோவியத் நாடு உடைந்த பிறகு அவை வருவது நின்றுபோனது. பங்குனி வெயிலில் மண் வெடித்துக் கிடக்கும்போது, முழங்கால் அளவு பனியில் நடக்கும் கிழவனைப் பற்றிப் படித்து நான் அழுதிருக்கிறேன். அந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று சொன்னால் தோழர் சிரிக்க மாட்டார். "நம்ம ஊரு பேரச் சொன்னா அவங்களுக்கு நுழையுமா, நீ படிம்மா" என்பார். காசு இல்லாத மாதம் கடனாகவும் கொடுத்தார். தோழர் இப்போது இல்லை, அவருடைய மகள் இதைப் படிப்பாள் என்று நம்புகிறேன்.

என் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயம் இருந்தது. அவர்களோ உளுந்தை முறத்தில் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, "சத்தமா படி, நானும் கேக்குறேன்" என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாசிப்பு என்றால் வாய்விட்டு வாசிப்பதுதான். கதையில் மருமகளைக் கொடுமைப்படுத்துகிற மாமியார் வந்தால் நான் தயங்குவேன், அவர்கள்தான் "அவ கிடக்குறா, மேல படி" என்பார்கள். அவர்களுக்கு நான் பட்ட கடனை எந்த மடலாலும் தீர்க்க முடியாது.

தையலில் கண்ணும் கையும் மாட்டிக்கொண்டால் புத்தகத்தைத் தொட முடியாது. தீபாவளிக்கு முன்னாலும் பொங்கலுக்கு முன்னாலும் மிஷின் நிற்காது. அந்த மாதங்களில் எனக்குப் படித்துக் காட்டியவர்கள் பாவாடைக்கும் சுடிதாருக்கும் காத்திருந்த பள்ளிக்கூடத்துப் பெண்கள். "காஜா எடுத்து முடிக்கும்வரை ரெண்டு பக்கம் படிடி" என்று கையில் கொடுத்துவிடுவேன். முதலில் எழுத்துக் கூட்டியவள் அடுத்த தீபாவளிக்கு ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள். உங்களில் ஒருத்தி இன்று நர்ஸ், ஒருத்தி திருவாரூரில் ஆசிரியை, ஒருத்தி சிங்கப்பூரில். கேட்டே பழகியதால் எனக்குக் காதுக்கு நன்றாக விழுகிற எழுத்துத்தான் பிடிக்கும். மூச்சு முட்டும் வர்ணனைகள் ஓடாது. மதகு, படித்துறை, வாய்க்கால் கரை, காவிரியில் தண்ணீர் வந்ததா என்று கேட்கும் பேச்சு, இவை உள்ள கதை என்றால் இரண்டு தரம் கேட்பேன். மற்றபடி எனக்கு மிகவும் பிடித்தது தன்வரலாறு. ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும்போது, நான் தையலை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

என் படிப்புக் காலம் என்றால் கோடைதான். தை அறுவடை முடிந்து, உளுந்தும் எடுத்தான பிறகு, வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கிற வரைக்கும் ஊரில் கையில் காசும் இருக்காது, வேலையும் இருக்காது, தைக்கவும் யாரும் வரமாட்டார்கள். ஆற்றில் மணல்தான் கிடக்கும். அந்த மாதங்களுக்கென்று நூலகர் ஐயா எனக்காகப் புத்தகம் எடுத்து வைப்பார். இப்போது இருப்பவருக்கு முன்னால் இருந்தவர், பணி ஓய்வு பெற்று மயிலாடுதுறைக்குப் போய்விட்டார். தன் பொறுப்பில், தன் பெயரில் எழுதி எனக்குக் கூடுதலாகக் கொடுத்தவர். அவர் சொல்லித்தான் எனக்கு இரண்டு விஷயம் தெரியும். நூலகத் துறையே கையெடுத்துக் கும்பிடும் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-ல் நம் சீர்காழியில் பிறந்தவர். அவர் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்துப் புத்தகமாக வெளியிட்ட அதே 1931-ல்தான், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அந்த வண்டி போன வழிகளில் சில, நான் இன்றும் பஸ்ஸில் போகிற வழிகள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று அந்த விதிகளில் வருகிறதாம். ஐயா அதைச் சுவரில் மாட்டி வைத்ததோடு நிற்கவில்லை, அப்படியே நடந்துகொண்டார். யாரும் எடுக்காமல் தூசி படிந்த ஒரு புத்தகத்தை என் கையில் வைத்து, "இது உங்களுக்குத்தான் வந்திருக்கு" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, 1948-ல் நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டுகிறோம். அந்தக் காசில்தான் கிராம நூலகம் வரைக்கும் நடக்கிறது. அதனால் வீட்டு வரி கட்டுகிற என் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும், புத்தகமே தொடாதவர்களுக்கும் சேர்த்து, மனதார நன்றி. நீங்கள் வாங்கிக் கொடுத்ததைத்தான் நான் படித்தேன்.

இப்போது கஜா புயலுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. நாங்கள் உயிரோடு இருந்தோம், அது போதும் என்று அந்த இருட்டில் தோன்றியது. வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால், அலமாரியின் மேல் தட்டுகளில் இருந்ததெல்லாம் நனைந்து ஊறிப்போயிருந்தது. தெருவெல்லாம் தென்னை விழுந்து கிடக்கும்போது புத்தகம் போச்சு என்று வாயைத் திறக்கவே கூசியது. நான் யாரையும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டுத் தம்பி, தன் தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்த மனுஷன், தானாக வந்து தார்ப்பாயைக் கட்டிவிட்டு, "அக்கா, மொதல்ல புத்தகத்த வெளிய எடுங்க" என்றார்.

எப்படிக் காய வைப்பது என்று எனக்குத் தெரியாது. முத்துப்பேட்டை பைண்டிங் கடை பாய், கடைக்குள் தண்ணீர் வந்து அவருக்கே எவ்வளவோ சேதம், பைக்கில் வந்து சொல்லிக் கொடுத்தார். நனைந்த புத்தகத்தை விரித்து இழுக்கக் கூடாது, தாள் கிழியும். முதலில் மூடியபடியே உள்ளங்கையால் அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிறகு நிமிர்த்தி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு நடுவில் உறிஞ்சுகிற தாளோ துணியோ வைத்து, அது ஈரமானதும் மாற்ற வேண்டும். வழவழப்புத் தாள் என்றால் ஈரம் இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்துவிட வேண்டும், காய்ந்தால் ஒரே பலகையாக ஒட்டிவிடும். நேர் வெயில் கூடாது, நிழலும் காற்றும் போதும். இரண்டு நாளைக்குள் பார்க்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தோழரின் ரஷ்யப் புத்தகங்களில் படம் உள்ளவற்றை பாய் தன் கையாலேயே பிரித்தார், இல்லாவிட்டால் அவை இன்று இல்லை.

கரண்ட் இல்லை, வாரக்கணக்கில் வரவும் இல்லை, அதனால் மின்விசிறி கிடையாது. பஸ் ஓடாததால் செய்தித்தாளும் இல்லை. டீக்கடை அண்ணன் வடை மடிக்க வைத்திருந்த பழைய பேப்பர் கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தார். அதுவும் தீர்ந்த பிறகு நான் லைனிங்குக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியை வெட்டிக் கொடுத்தேன், சாயம் போகிற துணி கூடாது என்று பாய் சொன்னதால் வெள்ளை மட்டும். பெண்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் துணி மாற்றினார்கள். அவர்கள் வீடுகளிலும் அடுப்பு எரியாத நாட்கள் அவை. நிவாரணம் கேட்டு வரிசையில் நின்றுவிட்டு வந்து, கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து தாள் பிரித்தவர்களை நான் எப்படி மறப்பேன்? சில புத்தகங்கள் தப்பவில்லை. அத்தையின் கையெழுத்துப் பக்கங்கள் தப்பின.

அடுத்த சில மாதங்களில் பாய் ஒவ்வொன்றாக வாங்கிப் போய்த் தைத்து, காலிகோ துணி ஒட்டிக் கொடுத்தார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது என்று அதையும் சொல்லிக் கொடுத்தார். தஞ்சாவூர் சரசுவதி மகாலுக்கு ஒருமுறை போனபோது அங்கே ஒரு ஊழியர் நின்று நிதானமாக விளக்கினார், வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து ஏடுகளுக்கு நடுவே வைப்பார்களாம். அன்றிலிருந்து என் அலமாரியிலும் அந்த முடிச்சு உண்டு. நூலகத்துக்குக் கொடுத்த கட்டுகளிலும் வைத்திருக்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தருவதாக இப்போதைய நூலகரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒருவருக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கஜாவுக்கு அடுத்த வாரம், சாக்குப் பையில் சுற்றிய ஒரு கட்டு எங்கள் திண்ணையில் இருந்தது. உள்ளே நல்ல நிலையில் புத்தகங்கள், பெரும்பாலும் தன்வரலாறுகள், கூடவே ஒரு மெழுகுவர்த்திப் பொட்டலம். எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த யாரோதான் வைத்திருக்க வேண்டும். கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்றார்கள். அந்தப் புத்தகங்களை மட்டும் நூலகத்துக்குக் கொடுக்கவில்லை, பின்னட்டையில் எழுதப் பெயர் வேண்டும். நீங்கள் இதைப் படித்தால் வீட்டுக்கு வாருங்கள், அல்லது நூலகத்தில் சொல்லி அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் ஊர் மட்டுமாவது சொல்லுங்கள், அதை எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மிஷின் வீட்டு அக்கா