திறந்துகூடப் பார்க்காமல் 'புதுசு வாங்குங்க' என்றால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டு மின்சார ஓவன் திடீரென்று சூடாகாமல் போனது. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, உள்ளே சூடு மட்டும் இல்லை. பழுது பார்க்க வந்தவர் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் அவ்வளவு பணம் இருந்தால் அவரை ஏன் கூப்பிடப் போகிறோம்?

சரி என்று பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, நானே கழற்றிப் பார்த்தேன். சூடேற்றும் கம்பியான எலிமென்ட்டில், கீழே இருப்பதில் ஓரிடம் கொப்புளம் போல வீங்கி, அதன் மேல் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் முள் அசையவே இல்லை. 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் எலிமென்ட் என்றால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும், எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். பழையதைக் கையோடு கொண்டுபோய், அதே வாட், அதே வோல்ட், அதே வடிவத்தில் ஒன்று வாங்கி மாட்டினேன், அவ்வளவுதான் வேலை.

எலிமென்ட் சரியாக இருந்தால் அப்புறம் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ் இரண்டையும் சோதிக்கலாம். காசை மிச்சம் பிடிக்க அந்த ஃபியூஸுக்குப் பதிலாக வெறும் கம்பியை மட்டும் இணைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்காமல் காப்பதே அதுதான். மைக்ரோவேவை வீட்டில் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எலிமென்ட்டின் மாடல் நம்பரை ஓவனின் உடம்பிலேயே அச்சிடுங்கள், எலிமென்ட்டைத் தனியாகவும் விற்பனை செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்