பாணை நனைத்துத் தின்ற காகம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே சுகம். அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. விடிய எழும்பி மரைன் டிரைவில் நடந்துவிட்டு, வரும்போது மறக்காமல் பேப்பரும் வாங்கிக்கொண்டு வருகிறார்.

முந்தநாள் இரவு போனில் நீ அழுதது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. போனில் கதைத்தால் நான் இடையில் புகுந்து ஏதாவது சொல்லிவிடுவேன். அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். அப்பா இதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். கடிதம் பிறகு தபாலில் வரும். அதற்குள் சின்னவனுக்குத் தனியாக ஒரு துண்டு மடித்து வைத்திருக்கிறேன். அதை நீ பிரிக்காதே, அவனே பிரிக்கட்டும்.

கொப்பியைக் கண்டால் அவன் மேசைக்குக் கீழே போய் ஒளிக்கிறான், நாலு வரிக்கு ஒரு மணித்தியாலம் போகிறது, கடைசியில் இரண்டு பேரும் அழுகிறோம் என்று சொன்னாய். பள்ளிக்கூடத்தால் மறித்து வீட்டில் வைத்துப் படிப்பிப்பது பிழையோ என்றும் கேட்டாய். பிழை இல்லை, பிள்ளை. ஒன்பது வயதில் எழுத மாட்டேன் என்பது வீட்டில் படிப்பதால் வந்த குறை இல்லை. 31 வருஷம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள் சொல்கிறேன், ஒவ்வொரு வகுப்பிலும் அப்படிப் பத்துப் பிள்ளைகளாவது இருந்தார்கள். அங்கே மேசைக்குக் கீழே போக முடியாது. அதனால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பில் நான் கண்டது இன்னும் மோசம். டியூஷனில் கொடுத்த கட்டுரைகளைப் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை 'மழைநாள்' என்று தலைப்புக் கொடுத்தேன். அன்றைக்குக் காலையில்தான் காலி வீதியில் முழங்கால் அளவு வெள்ளம். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் கொப்பியைத் திருத்தினால் எல்லாவற்றிலும் தவளை கத்துகிறது, உழவர்கள் மகிழ்கிறார்கள். நாலாம் மாடியில் இருக்கிற பிள்ளைக்குத் தவளை ஏது? சப்பாத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. நானும் தவளைக்குத்தான் புள்ளி போட்டேன்.

சரி, போன ஆகஸ்டில் நீங்கள் வந்து நின்றபோது நடந்ததைச் சொல்கிறேன். நீ கடைகளுக்குப் போய்விடுவாய், நானும் அவனும் பின்னேரத்தில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போவோம். கல்லுகளுக்கு இடையில் நண்டு பார்ப்பதுதான் அவனுடைய வேலை. வீட்டுக்கு வந்ததும் நண்டைப் பற்றி வாய் ஓயாமல் சொல்வான். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். ஒரு நாள் அவன் சொல்லச் சொல்ல நான் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். முடிந்ததும் வாசித்துக் காட்டினேன். 'அலை வந்தது. நண்டு ஓடியது' என்று வாசித்தேன்.

"அப்பிடி இல்லை அம்மம்மா. ஓடேல்லை. முதல் நிண்டது. அலை கிட்ட வந்தாப் பிறகுதான் ஓடினது."

திருத்தி எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். அவனுக்குத் திருப்தி இல்லை. என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, 'ஓடியது' என்பதற்கு மேலே மிகவும் கஷ்டப்பட்டு ஒரு சொல் எழுதினான். 'பக்கவாட்டா'. 'வா' பெரிதாகவும் 'ட்டா' குட்டியாகவும் இருந்தது. எழுதிவிட்டு, "இப்ப வாசியுங்கோ" என்றான். கொப்பியைக் கண்டால் ஒளிக்கிற பிள்ளை, தன்னுடைய நண்டு ஒழுங்காக ஓட வேண்டும் என்பதற்காக ஒரு சொல்லை வலியப் போய் எழுதியது. எழுதுவதில் அவனுக்கு வெறுப்பு இருந்தால் இதைச் செய்திருப்பானா?

அவனுக்குக் கஷ்டம் வேறு இடத்தில். எழுத்தின் உருவம் ஞாபகம் வர வேண்டும், பென்சில் பிடித்த கை வலிக்கிறது, ரகரமா றகரமா என்று யோசிக்க வேண்டும். தமிழில் 247 எழுத்து, இங்கிலீஷில் பெரிது 26, சின்னது 26. இவ்வளவையும் அந்தச் சின்னத் தலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, சொல்ல வந்த நண்டு நழுவிப் போய்விடும். வாயால் சொல்லும்போது அப்படி நழுவாது. நீ படித்துச் சொன்ன அந்த இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசனும் ஆறு வயதிலிருந்து பிள்ளையை வாயால்தான் திருப்பிச் சொல்ல வைத்தார், பத்து வயதளவில்தான் எழுதக் கேட்டார் என்றாய் அல்லவா? நீயே சொன்னதை நீயே மறந்துபோனாய்.

எனக்கு இது புத்தகத்தால் வந்ததில்லை. கரவெட்டியில் என் ஆச்சிக்கு எழுதத் தெரியாது. பெரிய மாமா கொழும்பில் கிளாக்கராக இருந்தார். மாதத்தில் இரண்டு தரம் ஆச்சி சொல்ல நான் எழுதுவேன். எனக்கு அப்போது இவனுடைய வயது. 'நலம், நலமறிய அவா' என்பது மட்டும் நானாகப் போடுவது. மற்றது எல்லாம் ஆச்சியின் வாய்ச்சொல். "சிவப்பி கண்டு போட்டிட்டுது. நாம்பன். எனக்குக் கவலைதான்" என்றார் ஒருநாள். எங்கள் பசு ஆண் கன்று போட்டதில் அவருக்குக் கவலை. "கவலைதான் எண்டும் எழுதவோ?" என்று கேட்டேன். "எழுது, அவன் அங்கை இருந்து சிரிக்க வேணும்" என்றார்.

மாமாவின் பதிலில் கடைசியில் ஒரு வரி இருந்தது. 'நாம்பன் கன்றின் நெற்றியில் வெள்ளை இருக்கிறதா என்று கடிதம் எழுதும் பிள்ளை பார்த்து எழுதவும்.' என்னைக் கேட்டு எழுதியிருந்தார்! தொழுவத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். நெற்றியில் இல்லை, பின்னங்காலில் இருந்தது. ஆச்சி சொல்லாமல் நானாக எழுதிய முதல் வரி அதுதான். அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் எனக்கென்று கீழே இரண்டு விரல் இடம் விடச் சொல்லி ஆச்சியிடம் கேட்டு வாங்கினேன்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் உனக்கு அந்தக் காரியத்தைச் செய்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. 1996. நீ மூன்றாம் ஆண்டு. பாமன்கடைப் பக்கம் அனெக்ஸில் இருந்தோம். நான் பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு இருந்தபோது ஒரு ஒற்றைறூள் தாளைக் கொண்டுவந்து நீட்டினாய். யாரும் எழுதச் சொல்லவில்லை, நீயாக எழுதியது.

'குசினி யன்னலுக்கு ஒரு காகம் காஞ்ச பாண் கொண்டு வந்தது. வாளித் தண்ணிக்குள்ள போட்டது. பாத்துக்கொண்டு நிண்டது. பேந்து எடுத்துத் திண்டது. காகத்துக்குப் பல்லு இல்லை.'

என் கையில் சிவப்புப் பேனை இருந்தது. பாத்து, நிண்டது, பேந்து, திண்டது, எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டேன். "வடிவாப் பாத்து எழுதம்மா" என்று சொல்லித் திருப்பித் தந்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாய். அதற்குப் பிறகு நீயாக எழுதிய எதையும் எனக்குக் காட்டவில்லை.

நீ கனடா போன பிறகு உன்னுடைய லாச்சியை ஒதுக்கும்போது அந்தத் தாள் கிடந்தது. மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. எடுத்து வாசித்துவிட்டுக் கட்டிலில் இருந்து அழுதேன். கடைசி வரியை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசித்தேன். காகம் ஏன் பாணை நனைக்கிறது என்று எட்டு வயதில் நீயே கண்டுபிடித்திருக்கிறாய், பிள்ளை. உன் அம்மா டீச்சர், அதைப் பார்க்கவில்லை, வட்டம் போட்டுக்கொண்டு இருந்தாள். என்னை மன்னித்துக்கொள். இத்தனை வருஷம் கழித்தென்றாலும் கேட்கிறேன், அந்தக் காகம் மறுபடி வந்ததா?

இப்போது சின்னவனுக்கு என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கொஞ்ச நாளைக்குப் பேனையை நீ பிடி. அவன் சொல்லட்டும், நீ எழுது. அவன் சொன்ன சொல்லையே எழுது, வடிவாக்காதே. திருப்பி வாசித்துக் காட்டு. அவனே மறிப்பான், அவனே திருத்துவான். தமிழில் வராத சொல்லுக்கு இங்கிலீஷ் சொன்னால் அதையும் அப்படியே போடு. எத்தனை மாதம் என்று கேட்காதே. நண்டுக்குப் பென்சில் வாங்கிய மாதிரி ஒரு நாள் வாங்குவான்.

பெரிய தாளை அவனுக்கு முன்னால் வைக்காதே. இது நான் 2022இல் படித்தது. கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த வருஷம். பிறகு பெட்ரோல் இல்லாமல் பள்ளிக்கூடமும் பூட்டினார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டில்தான் நின்றாள். கொப்பி விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் கிழித்த நாட்காட்டித் தாள்களைச் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு பக்கத்தைக் கண்டால் மலைத்துப்போகிற பிள்ளை, உள்ளங்கை அளவுத் தாளில் நாலு வரி எழுதி, இடம் முடிந்துவிட்டது என்று இன்னொரு தாள் கேட்டாள்.

எழுதுவது யாருக்காவது போய்ச் சேர வேண்டும். 'உனக்குப் பிடித்த விலங்கு' என்று எழுதச் சொன்னால் அதை யார் வாசிக்கப் போகிறார்கள்? நீ, அதுவும் பிழை பார்க்க. பிள்ளைக்கு அது விளங்கும். முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற சூன் பாண்காரரின் கதை ஞாபகம் இருக்கிறதா? பாட்டுக் கேட்டதும் நாங்கள் கூடையைக் கயிற்றில் இறக்குவோம். ஒரு நாள் சின்னவன் தானே துண்டு எழுதி வைப்பேன் என்றான். 'அங்கிள் 2 மாலு பணிஸ். சூடா.' கூடை கீழே போனது. பாண்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாட்சரிடம் காட்டினார். வாட்சர் வாசித்ததும் இரண்டு பேரும் மேலே பார்த்துக் கை காட்டினார்கள். இவன் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு துள்ளினான். அடுத்த நாள் துண்டில் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு மீனும் கீறி, அதிலிருந்து ஆவி போகிற மாதிரியும் கீறினான். வாசிக்கிறவருக்கு விளங்க வேண்டும் என்று தானாக யோசித்திருக்கிறான். அதை நான் 31 வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்!

எழுத்துப்பிழை முக்கியம்தான், விடச் சொல்லவில்லை. அதைத் தனியாக வைத்துக்கொள். காலையில் பத்து நிமிஷம் சொல்வதெழுதுதல், இல்லாவிட்டால் நல்ல பந்தி ஒன்றைப் பார்த்து எழுதுவது. ஒரு கிழமைக்கு ரகரம் றகரம் மட்டும், அடுத்த கிழமை வேறொன்று. ஆனால் அவனாக ஒன்றை எழுதிக்கொண்டு வந்து நீட்டினால் சிவப்புப் பேனையைத் தொடாதே. எழுதிய விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேள். மாமா கேட்ட மாதிரி, நெற்றியில் வெள்ளை இருக்கிறதா என்று.

இன்னொன்று, கோபிக்காதே. அவன் எழுதுவதைக் குடும்பக் குரூப்பில் போடாதே. முப்பது பேர் கை தட்டும் படம் அனுப்பினால், அடுத்த தரம் அவன் அந்த முப்பது பேருக்குத்தான் எழுதுவான். ஒருவருக்கு எழுதியதை அந்த ஒருவர் வாசித்தால் போதும். பெரியவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவள் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறாள் என்றாய், பூட்டியிருக்கட்டும்.

ஒன்ராறியோவில் வருஷத்துக்கு ஒரு தரம் பள்ளிக்கூடப் போர்டுக்குக் கடிதம் கொடுத்தால் போதும், சோதனை என்று வந்து நிற்க மாட்டார்கள் என்று நீதானே சொன்னாய். பிறகு அந்த நாலு வரிக்கு யார் துரத்துகிறார்கள்? அவனோடு வீட்டில் இருக்கத்தானே வேலையைக் குறைத்தாய். ஏடு தொடக்கும்போது கதிரேசன் கோயிலில் அரிசித் தட்டில் ஐயர் அவன் விரலைப் பிடித்து 'அ' எழுதியதும், கையை உதறிவிட்டுத் தானே இன்னொரு 'அ' கீறினான், நினைவிருக்கிறதா? அரிசி எல்லாம் நிலத்தில் சிந்தியது. அதே கைதான் இது.

கிழித்த நாட்காட்டித் தாளை அப்பா சேர்த்து வைத்திருக்கிறார், நூறுக்கு மேல் இருக்கும். உன் சிநேகிதி அடுத்த மாதம் வரும்போது கொடுத்து விடுகிறேன். அவனுக்கு நான் வைத்த துண்டில் ஒரு கேள்விதான் இருக்கிறது. பதில் அவன் சொல்லி நீ எழுதினாலும் சரி, படம் கீறினாலும் சரி, தபாலில் போடு. எனக்குக் கிடைக்க எத்தனை கிழமை என்றாலும் பரவாயில்லை, அன்றைக்கே பதில் போடுவேன்.

சூன் பாண்காரர் நேற்றும் கூடையைப் பார்த்துவிட்டு, துண்டு எழுதுகிற பையன் எப்போது வருவான் என்று வாட்சரிடம் கேட்டாராம். மறக்காமல் அவனிடம் சொல்.

அன்புடன்,
அம்மா