வீட்டை எடுக்கிறாயா, ஆச்சியை எடுக்கிறாயா

காரைக்குடி
ஐப்பசிக் கடைசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் ஷாட் பிரித்த தாள்களும் வந்து சேர்ந்தன. இங்கே நாலு நாளாக விட்டுவிட்டு மழை. ஊருணியில் படி மூழ்கிவிட்டது. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடித்த வீடுகளின் தூண்களும் நிலைகளும் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக் கிடக்கின்றன. பங்காளிகள் எல்லோரும் விற்றுவிடலாம் என்று நிற்க, ஆச்சி ஒருத்தி மட்டும் சாவிக்கொத்தை இடுப்பைவிட்டு எடுக்க மறுக்கிறாள் என்ற உன் படக்கதைக்கு, அந்தத் தெருவை ஒரு தடவை நடந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கதையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஷாட் தாளில்தான் இருக்கிறது. மொத்தம் 84 ஷாட், அதில் 47 வைடு, அதாவது வீட்டை அகலமாகக் காட்டுபவை. உனக்கு வீடு பிடித்துப்போய்விட்டது தெரிகிறது. பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பார்த்தவுடன் எல்லா ஒளிப்பதிவாளருக்கும் கை 18 மி.மீ. வைடு லென்ஸுக்குத்தான் போகும். ஆனால் நாலு வைடு பார்த்ததும் படம் பார்க்கிறவன் டிக்கெட் வாங்கி வீடு சுற்றிப் பார்க்க வந்தவனாக ஆகிவிடுவான். அப்புறம் ஆச்சி என்ன அழுதாலும் அவன் கண் உத்தரத்தில்தான் இருக்கும்.

லென்ஸை மாற்றினால் பார்வை மாறும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதிதான் சரி. மாறுவது கேமரா நிற்கும் தூரத்தால். கணக்காகச் சொல்கிறேன், கேமராவுக்குள் படம் விழும் சென்சார் சூப்பர் 35 அளவு, அகலம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள். ஆச்சி முற்றத்தைச் சுற்றிய பத்தியில் (தாழ்வாரத்தில்) உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு 3 மீட்டர் பின்னால் வீட்டின் இரண்டாங்கட்டுக்குப் போகும் நிலைக்கதவு. 50 லென்ஸோடு 2 மீட்டரில் நின்றால் அவள் இருக்கும் இடத்தில் 1 மீட்டர் அகலம் ஃப்ரேமில் விழும், அதாவது மார்பளவு. பின்னால் கதவு இருக்கும் இடத்தில் இரண்டரை மீட்டர் தெரியும். அதே மார்பளவை 25 லென்ஸில் எடுக்க 1 மீட்டருக்குப் போக வேண்டும். இப்போது பின்னால் 4 மீட்டர் தெரியும். 100 லென்ஸ் என்றால் 4 மீட்டருக்குப் பின்வாங்க வேண்டும். பின்னால் ஒன்றேமுக்கால் மீட்டர்தான். மூன்றிலும் ஆச்சி ஒரே அளவு. வீடு மட்டும் பெருத்துச் சிறுக்கிறது.

பார்க்கிறவன் மனசு இந்தத் தூரத்தைக் கண்டுபிடித்துவிடும். லென்ஸ் பெயர் தெரியாதவனுக்கும் தெரியும். 1 மீட்டரில் எடுத்த முகம், பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து பேசுகிற தூரம். 4 மீட்டரில் எடுத்தது, எதிர்ப் பத்தியில் நின்று ஒருவர் கவனிக்கிற தூரம். எனவே பங்காளிகள் அவளைப் பார்க்கும் ஷாட் எல்லாம் 100-இல் வை. கதவு அவள் முதுகை ஒட்டி வந்து நிற்கும், வீடே அவளைப் பின்னாலிருந்து நெருக்குகிற மாதிரி. அவள் தனியாக இருக்கும் இடங்களில் 32-ஐ எடுத்துக்கொண்டு கிட்டே போ. 25 வேண்டாம், 1 மீட்டருக்குள் போனால் மூக்கு முன்னால் வந்து காது பின்னால் போய், வயதான முகம் கேலியாகிவிடும்.

இன்னொன்று. 100-இல் பின்னணி அதிகம் மங்குகிறது என்று ஃபோகஸ் புல்லர் சொல்வார். ஒரே அளவு முகம், லென்ஸில் ஒரே துளை (அப்பர்ச்சர்) என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பின்னணியின் சின்னத் துண்டைப் பெரிசாக இழுத்துக் காட்டுவதால் அப்படித் தோன்றுகிறது. ஃபோகஸ் பிசகினால் லென்ஸைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது உயரம். நம் வீடுகளில் முக்கியமான பேச்சு எல்லாம் தரையில் உட்கார்ந்துதான் நடக்கும். தரையில் உட்கார்ந்தவரின் கண் சுமார் 75 செ.மீ. உயரத்தில் இருக்கும். உன் தாளில் டிரைபாட் உயரம் எங்கும் எழுதவில்லை. எழுதாவிட்டால் செட்டில் அது தானாக நின்றவர் கண்ணுக்கு, 150-க்கு, போய்விடும். அங்கிருந்து குனிந்து பார்த்தால் ஆச்சி மேல் இரக்கம் வரும், மரியாதை வராது. சாதா டிரைபாட் அவ்வளவு கீழே இறங்காது, பேபி லெக்கும் ஹை ஹேட்டும் வாடகைப் பட்டியலில் சேர். ஜப்பானிய இயக்குநர் ஓசு பாயில் உட்காருகிற குடும்பங்களை எடுக்கக் கேமராவைத் தாழ வைத்து, 50 லென்ஸை விட்டு நகராமல் இருந்ததற்கும் இதே நியாயம்தான்.

ஆனால் தாழ வைப்பது வேறு, தாழ வைத்து அண்ணாந்து பார்ப்பது வேறு. லோ ஆங்கிள் என்றால் பலம் என்று பாடமாக வைத்திருக்கிறோம். ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தில் கதாநாயகன் தேர்தலில் தோற்று நிற்கிற காட்சியைத்தான் தரையில் குழி வெட்டிக் கேமராவை இறக்கி ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் எடுத்தார். துணியில் கட்டிய கூரை அந்த ஆள் தலைமேல் அழுத்துகிறது. ஆள் பெரிசாகத் தெரிகிறார், இருந்தும் ஒடுங்கித் தெரிகிறார். பட்டாலையில், அதாவது வீட்டின் பெரிய கூடத்தில், அதைச் செய்தால் தேக்கு உத்தரம்தான் கதாநாயகன். சின்னப் பங்காளி பத்திரத்தைப் படிக்கிற ஒரு ஷாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள். வைடு லென்ஸைச் சாய்த்தால் தூண்கள் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாயும். டிரைபாடின் நீர்மட்டக் குமிழ் பார்த்துக் கேமராவைச் சமமாக வைத்து, உயரத்தை மாற்றி ஃப்ரேம் பிடி.

வளவில் (நடு முற்றத்தில்) உனக்கு இன்னொரு வம்பு காத்திருக்கிறது. நாலு பக்கமும் ஒரே பத்தி, ஒரே தூண், ஒரே மாதிரி அறைக்கதவுகள். இரண்டு பேர் எதிரெதிரே பேசும்போது இருவருக்கும் நடுவில் ஓடும் கற்பனைக் கோடான லைனைக் கேமரா தாண்டாமல் லெஃப்ட் லுக், ரைட் லுக் சரியாக வைத்தாலும், எடிட்டில் யார் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று புரியாது. பார்க்கிறவனுக்குக் குழப்பம் வந்தால் அதைச் சொல்லத் தெரியாது, “படம் லேசா இழுக்குது” என்பான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு அடையாளம் கொடு. கிழக்கே முகப்பிலிருந்து வரும் வெளிச்சம், மேற்கே ஊஞ்சல், வடக்கே மாடிப்படி, தெற்கே நெல் அண்டா. ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட் வைக்கும்போது அந்த அடையாளத்தில் ஒரு ஓரமாவது ஃப்ரேமுக்குள் இருக்கட்டும்.

வீட்டுக்குள் வெளிச்சத்தை எப்படிச் சமாளிப்பது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். இங்குதான் நீ நிறையப் பணத்தை மிச்சப்படுத்தலாம், நிறையக் கெடுக்கவும் செய்யலாம். நம் பக்கம் அட்சரேகை 10 டிகிரி. சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் நடுப்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே விழும், ஆவணியில் இன்னொரு தடவை. அந்த நாட்களில் வளவின் நடுவில் யாரை நிறுத்தினாலும் கண்குழி கறுத்துவிடும். நீ படம் எடுக்கப் போவதாகச் சொல்லும் மார்கழியில் நடுப்பகல் வெயில் தெற்கிலிருந்து 56 டிகிரி உயரத்தில் சாய்ந்து, வடக்குப் பத்தியின் ஓரம்வரை எட்டும். ஆகவே ஆச்சியை வடக்குப் பத்தியில், வளவைப் பார்த்து, வெயில் கோட்டுக்கு ஒரு மீட்டர் உள்ளே உட்கார வை. தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே முகத்துக்குப் போதும். விளக்கு எதுவும் வேண்டாம்.

ஆனால் பத்தியில் பதித்தது சிவப்பு ஆத்தங்குடிக் கல். வெயில் அதில் பட்டால் தாடைக்கு அடியில் சிவப்பு ஏறும், பச்சைப் பூ இருக்கும் இடத்தில் பச்சை ஏறும். மானிட்டரில் கண் பழகிவிடுவதால் அங்கே தெரியாது, கலர் கிரேடிங்கில்தான் தலைவலி. ஃப்ரேமுக்கு வெளியே தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடு, தீர்ந்தது.

வளவுக்கும் பத்தியின் உள்பக்கத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் 5 ஸ்டாப் வரை போகும் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு). வெளிக்கு எக்ஸ்போஷர் வைத்தால் முகம் கரி, முகத்துக்கு வைத்தால் வெளி வெளுத்துப் பொரியும். இதற்குப் பழைய வழி உண்டு. ‘அபராஜிதோ’வில் (1956) காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவில் செட் போட்டபோது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதில் அடித்து, திரும்பி வரும் மெல்லிய வெளிச்சத்தை வானத்து வெளிச்சமாக்கினார். உனக்கு வானம் நிஜமாகவே இருக்கிறது, துணி மட்டும் போதும். 20 அடிக்கு 20 அடி வெளுத்த மல் துணி. காடா வேண்டாம், பழுப்பு ஏறும். ஓரத்தில் இரண்டு அடிக்கு ஒரு கயிறு கட்டு. தளர்ந்தால் காற்றில் படபடத்து, அந்த அசைவு சுவரில் தெரியும். கயிற்றை ஓட்டில் கட்டவிடாதே.

துணி இல்லாத மேல்வெளிச்சத்தை ஒரே இடத்தில் வேண்டுமென்றே வைக்கலாம். ‘காட்ஃபாதர்’ (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, மாஃபியா தலைவரின் கண்கள் தெரியாதபடி செய்தார். அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று நமக்குப் படிக்க முடியவில்லை. ஆச்சி முடிவெடுத்துவிட்டாள், ஆனால் நமக்குத் தெரியக்கூடாது என்கிற அந்த 61-ஆம் ஷாட்டுக்கு அது பொருந்தும். மற்ற இடங்களில் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு அடி அகல வெள்ளைத் தெர்மாகோல் பிடி, கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் விழட்டும். அந்தப் புள்ளி இல்லாத கண் திரையில் செத்த கண்.

அடுத்தது அசைவு. தூண் வரிசைமேல் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிப் பேன் செய்யாதே. விநாடிக்கு 24 ஃப்ரேமில், செங்குத்துக் கோடுகள் இருக்கும் இடத்தில்தான் தடதடப்பு அதிகம் தெரியும். செய்தே தீர வேண்டும் என்றால் ஒரு தூண் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக 7 விநாடி ஆக வேண்டும். ஆச்சியை நெருங்கும் அந்த நீண்ட ஷாட்டில் ஜூம் என்று எழுதியிருக்கிறாய், கேமராவையே தண்டவாளத்தில் தள்ளிப்போகும் டிராலி என்று மாற்று. ஜூமில் முன்தூணும் பின்கதவும் இடம் மாறாது, படம்தான் பெரிசாகும். டிராலியில் முன்தூண் விலகி வழிவிடும், நாமே எழுந்து அவளிடம் போகிற உணர்வு அந்த விலகலில்தான் இருக்கிறது. 2 மீட்டரை 40 விநாடியில் கடந்தால் நகர்வது கண்ணுக்குத் தெரியாது, மார்பில் தெரியும். பழைய கல் சக்கர எடைக்கு விரிசல் விடும். ரப்பர் பாய், அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட், அதன்மேல் டிராக்.

ஆச்சி அழுகிற ஷாட்டை எடுத்துவிடு. 1920 வாக்கில் ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் ஒரு நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை சூப் தட்டு, சவப்பெட்டியில் கிடக்கும் பெண், விளையாடும் சிறுமி ஆகியவற்றோடு ஒட்டிக் காட்டியதையும், பார்த்தவர்கள் நடிப்பைப் புகழ்ந்ததையும் இன்னொரு ரஷ்ய இயக்குநர் புதோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். முகம் சும்மா இருந்தால்தான் அது நடக்கும். அழுதுவிட்டால் வெட்டுக்கு வேலை இல்லை. லென்ஸின் ஓரத்தைப் பார்த்தபடி 12 விநாடி சும்மா இருக்கச் சொல்லி எடு. பிறகு தரையில் கிடக்கும் சாவிக்கொத்து, 3 விநாடி. அதையும் அதே 75 செ.மீ. உயரத்திலிருந்து எடு. மேலிருந்து எடுத்தால் சாவியை இயக்குநர் காட்டுகிறார், ஆச்சி பார்க்கவில்லை.

கறுப்பு வெள்ளை ஆசை உன்னை விடவில்லை போல. ஏவி.எம். 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ‘நாம் இருவர்’ எடுத்த மண் என்பதால் ஆசை வருவது நியாயம்தான். அதே ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’ (1954) பாட்டே இல்லாமல் நிழலை வைத்து நம்மைச் சந்தேகப்பட வைத்த படம். ஆனால் அங்கே நிழலை விளக்கால் செதுக்கினார்கள். நீ கலரில் எடுத்துப் பிறகு நிறத்தைப் பிடுங்கினால், சிவப்புக் கல்லும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பலாகி, வீடு தட்டையாகிவிடும். செட்டிலேயே மானிட்டரைக் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

சில்லறை விஷயங்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுவர் கண்ணாடி மாதிரி, யூனிட்டே அதில் தெரியும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போடு, வெளிச்சத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் போகும். முகம் பார்க்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கு அது பலிக்காது, பின்னால் அட்டை செருகி ஓரிரண்டு டிகிரி சாய். வீட்டில் பழைய டியூப்லைட் உண்டு, ஷட்டரை 172.8 டிகிரியில் வைத்தால் மினுக்காது. ஓட்டுக்கூரைமேல் டிரோன் பறக்கிற முதல் ஷாட்டை அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. முகப்பிலிருந்து பின்வாசல்வரை நேர்கோட்டில் நிலைகள் நிற்கிற வீட்டில், கடைசிக் கட்டிலிருந்து 100 லென்ஸ் வைத்து ஆச்சி நடந்து வருவதை எடு. நடந்துகொண்டே இருப்பாள், வந்து சேரமாட்டாள். தலைப்பு அதன்மேல் வரட்டும்.

தூணில் டேப் ஒட்ட விடாதே, பாலிஷ் உரிந்து வரும், வீட்டுக்காரர்கள் அடுத்தவனுக்குக் கதவு திறக்கமாட்டார்கள். திருத்திய தாளை மார்கழிக்கு முன்னால் அனுப்பு, வைடு எத்தனை என்று முதலில் எண்ணுவேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்